ஆய்வு மாணவருக்கு உதவித்தொகை மட்டும் போதுமா?

பட்டப் படிப்பு, அதற்கு மேல் முதுகலை, அதற்கும் மேல் ஐந்தாறு வருஷம் பல்கலைக்கழகத்திலேயே இருந்து ஆராய்ச்சி என்று போகும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் இன்று பல பேர் இருக்கிறார்கள். மும்பையில் எந்தத் தமிழர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இவர்களைப் பெற்றவர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பாங்க?" கூடப் படித்தவன் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறான், ஆடிட்டர் படிப்பு முடித்தவன் தனியாக ஆபீஸ் போட்டுவிட்டான். ஆராய்ச்சி செய்கிற பிள்ளையைப் பற்றி என்ன பதில் சொல்வதென்று பெற்றோருக்கே தெரிவதில்லை.

நான் ஆரணிப் பட்டு வியாபாரி. கல்லூரியில் படித்தவன் அல்லன். சமண நூல்களையும் கல்வெட்டுப் பாடங்களையும் கடை சாத்திய பிறகு உட்கார்ந்து நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவன். அந்தப் பழக்கத்தால் ஆய்வு மாணவர்கள் சிலர் பல வருஷங்களாக என்னைத் தேடி வருகிறார்கள். மேல்சித்தாமூருக்கு எப்படிப் போவது, திருமலையில் யாரைப் பார்ப்பது, இந்தச் சொல்லுக்கு எங்கள் நயினார் குடும்பங்களில் என்ன பொருள் சொல்வார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அவர்களுடைய சுகதுக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததாலும், இது பற்றிய விதிமுறைகளை வாங்கிப் படித்ததாலும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். உதவித்தொகை என்பது ஆய்வாளருக்குச் சோறு போடுவது. அவரைத் தொழிலில் ஆளாக்குவது வேறு வேலை. இரண்டாவது வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்காமல் முதலாவதைப் பற்றி மட்டுமே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு பழைய உதாரணங்கள்

கணித மேதை இராமானுஜனை எல்லோருக்கும் தெரியும். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அவரிடம் பட்டம் கிடையாது, இருந்தும் கொடுத்தார்கள். இதோடு நிறுத்திவிட்டால் கதை பாதிதான். துறைமுக அலுவலகம் அவருக்கு விடுப்புக் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையை அறிக்கையாகத் தர வேண்டும் என்று பல்கலைக்கழகம் நிபந்தனை வைத்தது. அவர் கணிதத்தைப் புரிந்துகொண்டு கேட்கவும், யாருக்கு எழுத வேண்டும் என்று வழி சொல்லவும் அலுவலகத்தில் நாராயண ஐயர் இருந்தார். 1914-இல் கேம்பிரிட்ஜ் போகும்போது வருஷத்துக்கு 250 பவுன் கொடுத்த பல்கலைக்கழகம், அதில் ஒரு பங்கு கும்பகோணத்தில் இருந்த தாயாருக்குப் போகும்படியும் ஏற்பாடு செய்தது. பணம், விடுப்பு, வேலையைக் கேட்க ஆள், அடுத்த ஊருக்கு வழி, வீட்டுக்கு நிம்மதி என்று ஐந்தும் சேர்ந்துதான் ஓர் ஆய்வாளரைத் தூக்கிவிட்டன.

இன்னொருவர் உ.வே.சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலைக்கு வந்தார். முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டது தமிழுக்கே ஒரு திருப்பம். சீவக சிந்தாமணியில் வரும் சமண மரபுச் செய்திகள் புரியாமல் அவர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்தார். அங்கே இருந்தவர்கள் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் அல்லர். அந்த நூலைப் பரம்பரையாகப் படித்து வந்த குடும்பத்தார். வந்தவர் வேறு சமயத்தவர் என்று பாராமல், கேட்ட சந்தேகத்துக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். 1887-இல் நூல் அச்சில் வந்தது. கல்லூரிக்கு வெளியே இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் ஆய்வாளரை வளர்ப்பதில் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கடையில் ஆள் தயாராகும் முறை

வியாபாரி என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில் சிறு பையனாகப் போகிறவன் முதலில் பெட்டியடிப் பையன். கணக்கு எழுதக் கற்று, கடிதப் போக்குவரத்துக் கற்று, பிறகு அடுத்தாள். அப்புறம் மேலாள். திறமையும் நாணயமும் இருந்தால் பின்னாளில் தானே கடை வைக்கலாம். ஒவ்வொரு படிக்கும் பெயர் உண்டு, என்ன கற்க வேண்டும் என்பதும் உண்டு, அடுத்த படி எது என்பது பையனுக்கும் தெரியும், அவன் வீட்டாருக்கும் தெரியும்.

நம் கடைகளிலும் அப்படித்தான். சேலை மடிக்க மட்டும் ஆள் வைத்தால் இருபது வருஷம் கழித்தும் அவன் சேலைதான் மடிப்பான். அதே பையனைத் தறிக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போய், ஜரிகை பார்க்கச் சொல்லிக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் பேச விட்டு, வருஷக் கடைசியில் கணக்கையும் காட்டினால் அவன் நாளைக்கு ஒரு கடைக்காரன். இரண்டு பேருக்கும் சம்பளம் ஒன்றாகவே இருந்திருக்கலாம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆய்வு மாணவர் இந்த இருவரில் யாரைப் போல நடத்தப்படுகிறார் என்பதுதான் கேள்வி.

பணமும் காலமும்

முதலில் பணத்தைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., சார்பில் நடக்கும் நெட் தேர்வில் மேல் வரிசையில் தேறியவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். 2023 ஜனவரி 1 முதல் இது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து வேலையை மதிப்பிட்டு எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்த்தினால் 42,000. இரண்டும் சேர்ந்து மொத்தம் ஐந்து வருஷம். 2018-இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆய்வு உதவித்தொகை 70,000-இல் தொடங்கி 80,000 வரை போகும். ஆனால் அது ஐ.ஐ.டி. போன்ற சில நிறுவனங்களில் பொறுக்கி எடுத்த சிலருக்குத்தான். இந்தத் தேர்வுகளில் வராமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. சேர்ந்தவருக்கு வைத்திருந்த தொகை வெறும் 8,000. அதையும் நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது 2015 அக்டோபரில் டெல்லியில் யு.ஜி.சி. அலுவலகத்தின் முன்னால் மாணவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஆகவே "பி.எச்.டி. மாணவர்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் பக்கத்துப் பக்கத்து மேசையில் 8,000 வாங்குபவரும் இருக்கலாம், 80,000 வாங்குபவரும் இருக்கலாம். ஒன்றுமே வாங்காதவரும் உண்டு.

காலக் கணக்கு இன்னும் முக்கியம். 2022 நவம்பரில் வெளிவந்த யு.ஜி.சி. பி.எச்.டி. விதிமுறைப்படி குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஆறு வருஷம். மறுபதிவு செய்துகொண்டால் இன்னும் இரண்டு வருஷம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருஷம் தரலாம். இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. பதிவு ஆறு வருஷம், எட்டு வருஷம் என்று உயிரோடு இருக்கும். பணமோ ஐந்தாம் வருஷம் நின்றுவிடும். ஆய்வேடு எழுதும் நேரம், அதாவது மனசுக்கு மிக அமைதி தேவைப்படும் நேரம், கையில் காசு இல்லாத நேரமாகப் போகிறது.

நெறியாளர் என்னும் கைகாட்டி

ஆய்வு மாணவரின் வாழ்க்கையில் பாதி நெறியாளர் கையில் இருக்கிறது. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது. ஓய்வு பெற மூன்று வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. நெறியாளருக்கு நேரம் இல்லையென்றால் மாணவரின் வருஷம் வீணாகும்.

நெறியாளரை மட்டும் நம்பி விடாமல் ஆய்வு ஆலோசனைக் குழு என்று ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் அந்தக் குழுவின் முன்னால் தன் வேலையைச் சொல்ல வேண்டும். சில இடங்களில் இது கையெழுத்துச் சடங்காகப் போய்விடுகிறது என்று மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையில் இது மாணவருக்குக் கிடைத்திருக்கும் உரிமை. இராமானுஜன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்த அறிக்கை மாதிரிதான் இதுவும். வேலை எங்கே நிற்கிறது, எது தடுக்கிறது என்பதை எழுத்தில் பதிய வைக்கும் இடம் அது.

பயிற்சி எங்கே?

ஆய்வாளருக்கு அவர் பாடம் மட்டும் தெரிந்தால் போதாது. கட்டுரை எழுத வேண்டும், வகுப்பு எடுக்க வேண்டும், நிதி கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டும், பாடம் தெரியாதவருக்கும் புரியும்படி பேச வேண்டும். என் வீட்டுக்கு வரும் மாணவர்களில் வட்டெழுத்தைச் சரளமாகப் படிப்பவர் உண்டு. "உன் ஆராய்ச்சி எதைப் பத்தி தம்பி, என் வீட்டம்மாவுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றால் திணறுவார்கள். திறமை இல்லாமல் அல்ல. அப்படிச் சொல்லும்படி யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை.

விதிமுறையில் இதற்கு இடம் இருக்கிறது. பி.எச்.டி.க்கு முன் பாட வகுப்பு குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆய்வு முறையியலும், ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறையும் அடங்கும். எல்லாத் துறை மாணவரும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெற வேண்டும். வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வகுப்பிலோ ஆய்வகத்திலோ உதவி வேலை தரலாம். சமூக அறிவியல் ஆய்வாளருக்கு 1969-இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் முறையியல் வகுப்புகளுக்கு நிதி தருகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் 'அவ்சர்' என்ற பெயரில், தம் ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதும் பி.எச்.டி. மாணவர்களுக்குப் பரிசு தரத் தொடங்கியது.

ஆனால் பெரிய பயிற்சி ஏற்பாடு எதுவென்று பார்த்தால், அது வேலை கிடைத்தவர்களுக்கானது. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பல பல்கலைக்கழகங்களில் வந்தன. 2015-இல் அவற்றுக்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. 2023-இல் மாளவியா மிஷன் பயிற்சி மையம் ஆயிற்று. பதவி உயர்வுக்கு அந்தப் பயிற்சி கணக்கில் சேரும். சரி, வேலை தேடிக்கொண்டிருக்கும் ஆய்வாளருக்கு? கடை வைத்த பிறகு தராசு பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது போலத்தான் இது.

இன்னொரு எச்சரிக்கை. பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரையை வெளியிடும் போலி இதழ்கள் ஏராளம். இவற்றை விலக்க யு.ஜி.சி. 2019-இல் 'கேர்' என்ற பட்டியல் வைத்தது. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. இப்போது நல்ல இதழ் எது என்று தீர்மானிப்பது நிறுவனமும் ஆய்வாளரும்தான். 2022 விதிமுறையில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே "ஐயாயிரம் கட்டினா பேப்பர் வந்துடும்" என்று யாராவது சொன்னால் பெற்றோர் பையைத் திறக்க வேண்டாம். அதே சமயம் நல்ல இதழ்களைப் படிக்கும் வழி விரிந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் கீழ் 2025 ஜனவரி முதல் 6,300-க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறக்கப்பட்டன. சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. 'சோத்கங்கா' என்ற தளத்தில் நாடு முழுவதிலிருந்தும் வந்த ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம்.

பட்டத்துக்குப் பிறகு

பட்டம் வாங்கியவுடன் ஆசிரியர் வேலை என்ற நினைப்பு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த வாசலின் சாவியே அடிக்கடி மாறுகிறது. பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2021 ஜூலை முதல் பி.எச்.டி. கட்டாயம் என்று 2018-இல் விதி வந்தது. பிறகு தள்ளிப் போட்டார்கள். 2023 ஜூலையில் நெட், செட் போன்ற தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதி என்று ஆக்கிவிட்டார்கள். 2018-இல் அந்த விதியை நம்பிச் சேர்ந்த மாணவர் முடித்து வெளியே வரும்போது விதி வேறாக இருந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே வாசலைப் பார்த்து ஐந்து வருஷம் நிற்பது ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

பட்டத்துக்கும் நிரந்தர வேலைக்கும் நடுவே பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு என்ற ஒரு படி உண்டு. 2024-இல் செயலுக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை இளம் ஆய்வாளருக்கு இரண்டு வருஷ உதவித்தொகை தருகிறது. 'இன்ஸ்பயர்' திட்டத்தில் ஐந்து வருஷ ஆசிரியர் நிலை உதவியும் உண்டு. இவற்றுக்கெல்லாம் வயது வரம்பு உண்டு என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். இவை தவிர, மருந்துக் கம்பெனி ஆய்வகம், காப்புரிமை அலுவலகம், பதிப்பகம், அருங்காட்சியகம், சுவடி நூலகம், புள்ளிவிவரத் துறை என்று ஆராய்ச்சிப் பழக்கம் பயன்படும் இடங்கள் பல. அங்கே போவது தோல்வி அல்ல. மூன்றாம் வருஷத்திலேயே இதைப் பேசினால் தயாராகலாம். ஆறாம் வருஷம் பேசினால் அழுகைதான்.

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் வேதியியலில் ஆராய்ச்சி செய்தாள். ஐந்தாம் வருஷம் முடிந்து உதவித்தொகை நின்றது. இடையில் கல்யாணம், ஒரு குழந்தை. அவள் அப்பா என்னிடம் வந்து, "போதும்னு சொல்லிடலாம்னு இருக்கேன் நயினார். நீங்களே அவகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க" என்றார். நான் பெண்ணைக் கேட்டேன். "மாமா, எழுதறதுதான் பாக்கி. எட்டு மாசம் கிடைச்சா முடிச்சுடுவேன்" என்றாள். விதிமுறையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெண் ஆய்வாளருக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு என்பது 2016 விதியிலேயே இருக்கிறது, 2022-லும் இருக்கிறது. அவள் குழந்தை பிறந்தபோது எடுத்ததோ ஆறு வாரம். கேட்கலாம் என்று துறையில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. கால நீட்டிப்பு உண்டு என்பதும் வீட்டுக்குத் தெரியாது.

அவள் ஆலோசனைக் குழுவின் முன்னால் எழுத்தில் வைத்தாள். நீட்டிப்புக் கிடைத்தது. நெறியாளர் ஒரு திட்டத்தில் சில மாதம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். மாமியார் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். எட்டு மாதம் என்றது பதினோரு மாதம் ஆயிற்று, முடித்துவிட்டாள். அவளுக்குக் குறைந்தது அறிவும் அல்ல, உழைப்பும் அல்ல. தகவலும், சில மாதப் பணமும், பகலில் சில மணி நேரமும்தான். கொஞ்சம் தவறியிருந்தால் ஐந்து வருஷ அரசாங்கப் பணமும் அவளுடைய இளமையும் வீணாகியிருக்கும். குடும்பத்துக்காக வேலையை விட்டுத் திரும்பி வரும் பெண் விஞ்ஞானிகளுக்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 முதல் தனித் திட்டம் நடத்தி வந்திருக்கிறது என்பதையும் நம் வீடுகள் அறிய வேண்டும்.

வெளிநாட்டில் ஒரு நல்ல வழக்கம்

இங்கிலாந்தில் ஆய்வாளர் வளர்ச்சிக்கென்று பல்கலைக்கழகங்களும் நிதி தருவோரும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை வைத்திருக்கிறார்கள். 2008-இல் வந்தது, 2019-இல் திருத்தினார்கள். அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி: வேலையில் இருக்கும் ஆய்வாளருக்கு வருஷத்தில் குறைந்தது பத்து நாள் அவருடைய சொந்தத் தொழில் வளர்ச்சிக்கென்று ஒதுக்க வேண்டும். நெறியாளரின் திட்டத்துக்கு அல்ல, அவருக்கு. பயிற்சிக்குப் போகலாம், வேறு தொழிலில் இருப்பவரைப் பார்க்கலாம், அடுத்த வேலைக்குத் தயாராகலாம். பத்து நாளுக்குக் கோடிக்கணக்கில் செலவு ஆகாது. ஆய்வாளர் இங்கே நிரந்தரமாக இருக்கப் போவதில்லை, போகும் இடத்துக்குத் தயாராக்கி அனுப்புவது நம் பொறுப்பு என்று ஒத்துக்கொள்ளும் மனசு மட்டும் வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

"எப்போ முடியும்?" என்பதற்குப் பதிலாக வருஷத்துக்கு ஒருமுறை இவற்றைக் கேளுங்கள். உதவித்தொகை எந்த மாதத்தோடு முடிகிறது, பதிவு எந்த மாதத்தோடு முடிகிறது? ஆலோசனைக் குழு கடைசியாக என்ன எழுதிக் கொடுத்தது? நெறியாளர் எப்போது ஓய்வு பெறுகிறார்? அவரிடம் முடித்த பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சேரும் முன்னரே கேட்டால் இன்னும் நல்லது. பழைய மாணவரில் ஒருவரிடம் போனில் பத்து நிமிஷம் பேசினால் விளம்பரப் புத்தகத்தில் இல்லாத விவரம் கிடைக்கும்.

சங்கம் செய்யக்கூடியது

நம் சங்கத்துக்கு மூன்று யோசனை சொல்லி முடிக்கிறேன். ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நம் கூடத்தில் ஒரு மணி நேரம் ஓர் ஆய்வு மாணவர் தம் ஆராய்ச்சியைத் தமிழில் நமக்குச் சொல்லட்டும். அவருக்கு அது பயிற்சி; அவர் என்ன செய்கிறார் என்பது நமக்கும் விளங்கும். இரண்டு, ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் உதவித்தொகை நின்றவர்களுக்கு ஆறு மாதம் வரை வட்டியில்லாக் கைமாற்று தர ஒரு சிறு நிதி. முதல் தொகையை நான் தருகிறேன். மூன்று, ஆய்வு முடித்து வேலையில் இருக்கும் நம்மவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். புதிதாகச் சேரும் பிள்ளை ஒருவரைப் போய்ப் பார்த்துப் பேச அது உதவும்.

கல்யாண நிதியும் வைத்திய நிதியும் நடத்தும் நம் சங்கத்துக்கு இது பாரம் ஆகாது. வரும் சித்திரைப் பொதுக்குழுவில் இதை முன்வைக்க இருக்கிறேன். ஆய்வு செய்யும் பிள்ளைகள் உள்ள குடும்பத்தார் அவசியம் வர வேண்டும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.